பாயின்ட் கார்டை அனுப்பிடலாமா? கைல் லௌரி கணக்கு

2013 டிசம்பரில் டொராண்டோ ராப்டர்ஸ் அணிக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது. பாயின்ட் கார்டு கைல் லௌரியை வெச்சுக்கிறதா, ட்ரேட் பண்ணி அனுப்பிடறதா? ஒரு நாள் எதிரணியைத் துவைச்சுக் காயப்போடுவார். அடுத்த நாள் பத்து ஷாட் போட்டா ரெண்டு உள்ளே போகும். வயசு 27. மெம்ஃபிஸ், ஹூஸ்டன்னு ஏற்கனவே ரெண்டு அணி அவரை அனுப்பியிருந்தது. ஒப்பந்தம் அந்த சீசனோட முடியுது.

ஸ்கார்பரோவில் இருக்கும் என் நண்பர் ஒருத்தர் (யாழ்ப்பாணத்துக்காரர், டொராண்டோ அணியின் ஒரு ஆட்டத்தையும் விடமாட்டார்) அப்போ ஒரே பிடியா இருந்தார்: "உவனை நம்பி ஒண்டும் செய்யேலாது மச்சான், குடுத்துப்போட்டு வேற ஆளைப் பாக்கோணும்." எனக்கு கூடைப்பந்து தெரிஞ்சது கொஞ்சம், எண்கள் மேல ஆசை நிறைய. அந்த விவாதம் எங்களுக்குள்ள ஆறு வருஷம் ஓடிச்சு. அதுல சேர்ந்த குறிப்புகளைத்தான் இங்கே எழுதுறேன்.

பழக்கமில்லாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பந்தை மேலே கொண்டுபோய், யாருக்கு எப்போ கொடுக்கணும்னு முடிவெடுக்கிறவர்தான் பாயின்ட் கார்டு. கிரிக்கெட்டில் ஓப்பனர் சொதப்பினா அடுத்த ஆள் வந்து அவர் ஆட்டத்தை ஆடுவார். இங்கே இவர் சொதப்பினா மத்த நாலு பேருக்கும் பந்தே ஒழுங்கா வராது. அதனாலதான் நிலையில்லாத பாயின்ட் கார்டுன்னா ரசிகருக்கு இவ்வளவு எரிச்சல். இன்னொண்ணு, என்.பி.ஏ. அணிகள் நடுவில் ஐ.பி.எல். மாதிரி ஏலம் கிடையாது. ஆளைக் கொடுத்து ஆளை வாங்கணும், அல்லது டிராஃப்டில் புது ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கணும். அந்த உரிமைக்கு 'பிக்'னு பேர். சம்பள வரம்பைத் தாண்டின அணின்னா, போற சம்பளமும் வர்ற சம்பளமும் ஓரளவு ஒத்துப்போகணும். "இவன் வேண்டாம்"னு சொல்றது சுலபம். பதிலுக்கு என்ன வரும்னு கேட்டாத்தான் பேச்சு சூடு குறையும்.

முதல்ல அந்த 'நிலையில்லாத' என்ற சொல்லைப் பிரிச்சுப் பார்க்கணும். என் வேலையில் சர்வர் மெதுவா இருக்குன்னு புகார் வந்தா, உடனே சர்வரை மாத்த மாட்டோம். சில நேரம் சாதாரண ஏற்ற இறக்கமா இருக்கும். சில நேரம் பக்கத்தில் ஓடும் வேற ஏதோ ஒண்ணு மெமரியைத் தின்னுக்கிட்டிருக்கும். சில நேரம் உண்மையிலேயே டிஸ்க் போயிருக்கும். மூணுக்கும் வெளியே தெரியிற அறிகுறி ஒண்ணுதான். ஆட்டக்காரர் விஷயமும் இப்படித்தான்னு நினைக்கிறேன்.

ஏற்ற இறக்கத்தை முதல்ல எடுத்துக்குவோம். இதுல ஒரு கணக்கு இருக்கு, என்ஜினீயரிங் படிச்சவங்க எல்லாரும் பரீட்சைக்குப் படிச்சு மறந்த பைனாமியல் கணக்குதான். ஒரு ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்துக்கு ஏழு முறை மூன்று புள்ளி ஷாட் போடுறார்னு வைங்க. ஒவ்வொரு ஷாட்டும் உள்ளே போக 36 சதவீத வாய்ப்பு. லௌரியோட மொத்த வாழ்க்கைக் கணக்கும் இதுக்கு ரொம்பப் பக்கத்துலதான் இருக்கு. இந்தக் கற்பனை ஆளுக்கு மூட் கிடையாது, காயம் கிடையாது, பயம் கிடையாது. ஒவ்வொரு ஷாட்டும் ஒரே தரம். பைக்குள்ள 100 சீட்டு போட்டு, அதுல 36-ல் மட்டும் 'உள்ளே'ன்னு எழுதி, குலுக்கிக் குலுக்கி ஏழு தடவை எடுக்கிற மாதிரி.

இவரைவிட நிலையான மனுஷன் இருக்க முடியாது. ஆனா கணக்குப் போட்டா, ஏறக்குறைய 22 சதவீத ஆட்டங்களில் இவர் ஒண்ணு போடுவார், அல்லது ஒண்ணுமே போடமாட்டார். அதே அளவு, இன்னொரு 22 சதவீத ஆட்டங்களில், நாலோ அதுக்கு மேலயோ போடுவார். 82 ஆட்டம் கொண்ட சீசனில் சுமார் 18 ராத்திரி "இவனை ஏன்டா வெச்சிருக்காங்க", இன்னொரு 18 ராத்திரி "இவன்தான்டா தலைவன்". மூணு நாலு ஆட்டத்தில் ஏழுமே வெளியே போகும். ஒரு ஷாட்டுக்கும் நாலு ஷாட்டுக்கும் வித்தியாசம் ஒன்பது புள்ளி. எத்தனையோ ஆட்டம் அதுக்குள்ளதான் முடியுது.

பிளே ஆஃப் தொடருக்கு இதையே போட்டுப் பாருங்க. ஏழு ஆட்டத்தொடர் முழுசா நடந்தா, அதுல குறைஞ்சது ஒரு ஆட்டமாவது அந்த மோசமான வகையில் விழ 80 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. "பெரிய ஆட்டத்துல கைவிட்டுடுவான்"னு பேர் வாங்க அந்த ஒரு ஆட்டம் போதும்.

இந்தக் கணக்கை நண்பருக்கு அனுப்பினப்ப, "உது கடதாசியில சரி" என்றார். அதுவும் நியாயம்தான். மனுஷன் சீட்டுப்பை இல்லை. 2016 பிளே ஆஃபில் லௌரிக்கு முழங்கையில் தொந்தரவு இருந்தது, ஷாட்டும் தடுமாறினது. மயாமிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 13-க்கு 3. அதுல ஒண்ணு, மணி அடிக்கிற நேரத்தில் பாதிக் களத்திலிருந்து எறிஞ்சு ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோன ஷாட். கூடுதல் நேரத்தில் அணி தோத்தது. ஆட்டம் முடிஞ்சு அரங்கம் காலியான பிறகு தனியா வந்து ஷாட் பழகிக்கிட்டிருந்தார். அதே தொடரின் ஏழாவது ஆட்டத்தில் 35 புள்ளி. இதுல எவ்வளவு முழங்கை, எவ்வளவு மனசு, எவ்வளவு வெறும் குலுக்கல்னு யாராலயும் பிரிக்க முடியாது. ஆனா வெறும் குலுக்கலே இவ்வளவு ஆட்டம் காட்டும்னு தெரிஞ்சா, மிச்சத்துக்குக் கதை கட்டுற வேகம் கொஞ்சம் குறையும்.

ரெண்டாவது வகைதான், அதாவது பக்கத்து ஆள் மெமரியைத் தின்கிறது, 2013-ல் டொராண்டோவில் நடந்ததுன்னு என் கருத்து. அந்த அணியில் ரூடி கே என்றொரு ஆட்டக்காரர். ஒரு ஆட்டத்துக்கு 18-க்கு மேல் ஷாட் போட்டார், 39 சதவீதம்கூட உள்ளே போகலை. ஹூஸ்டனுக்கு எதிரா ஒரே ஆட்டத்தில் 37 ஷாட் எறிஞ்சு 11 போட்டார். பந்து அவர் கையில் நின்னுடும். அப்புறம் பாயின்ட் கார்டுக்கு என்ன வேலை? ஓரத்தில் நின்னு வேடிக்கை பார்க்கிறதுதான்.

அந்த வருஷம் புதுசா வந்த மேலாளர் மசாய் உஜிரி, டிசம்பரில் ரூடி கேயை சாக்ரமெண்டோவுக்கு அனுப்பினார். அப்போ அணி 6 வெற்றி, 12 தோல்வி. அணியைக் கலைச்சுட்டுப் புதுசா கட்டப்போறாங்கன்னுதான் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. அடுத்த டிராஃப்டில் ஆண்ட்ரூ விக்கின்ஸ் வர்றார், அவர் டொராண்டோ பக்கத்துப் பையன். நல்லாத் தோத்தா நல்ல பிக் கிடைக்கும்னு ரசிகர்களே கணக்குப் போட்டாங்க. அடுத்தது லௌரிதான்னு பேச்சு. நியூயார்க் நிக்ஸோட பேரம் கிட்டத்தட்ட முடிஞ்ச நிலைமைன்னு செய்திகள் வந்தன. ரேமண்ட் ஃபெல்டன், மெட்டா வேர்ல்ட் பீஸ், கூட ஒரு முதல் சுற்று பிக்கோ ஒரு இளம் ஆட்டக்காரரோ. கடைசியில் பின்வாங்கினது நிக்ஸ் முதலாளி ஜேம்ஸ் டோலன்தான்னு சொன்னாங்க. அதே வருஷம் கோடையில் உஜிரி ஆண்ட்ரியா பார்ன்யானியை நிக்ஸ் தலையில் கட்டி பிக்கெல்லாம் வாங்கியிருந்தார். திரும்பவும் ஏமாந்தோம்னு பேர் வரக் கூடாதுன்னு தயங்கினாராம்.

ஆக, லௌரி டொராண்டோவில் தங்கினது தீர்க்கதரிசனத்தால் இல்லை, வாங்க வந்தவர் பயந்ததால. அதுக்குப் பிறகு அணி 42 வெற்றி, 22 தோல்வி. மொத்தம் 48 வெற்றி, அதுவரைக்கும் அந்த அணியோட சாதனை. லௌரி ஆட்டத்துக்கு 17.9 புள்ளி, 7.4 அசிஸ்ட். பந்து கைக்கு வந்ததும் ஆளே மாறிட்டார்.

இதை வெச்சு "உஜிரி முட்டாள்தனம் பண்ணப் பார்த்தார்"னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போகலை. டிசம்பர் நிலைமையில் இருந்து பாருங்க. ஒப்பந்தம் ஏழு மாசத்தில் முடியுது, ஜூலையில் அவர் சும்மாவே கிளம்பிப் போகலாம், அணியோ தோத்துக்கிட்டிருக்கு. ஒண்ணுமே இல்லாம இழக்கிறதைவிட ஒரு பிக்காவது வாங்கலாம்னு நினைக்கிறது தப்பான முடிவு இல்லை. முடிவும் விளைவும் வேற வேற. ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். ஆட்டக்காரர் மேல வெறுப்பு உச்சத்தில் இருக்கிற நேரத்தில்தான் விக்கணும்னு தோணும். சந்தையில் அவர் விலை அடிமட்டத்தில் இருக்கிறதும் அப்பத்தான்.

மூணாவது வகைக்கு ரஜோன் ராண்டோ. 2008-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் பட்டம் வென்றப்ப அவர்தான் பாயின்ட் கார்டு. டி.வி.யில் நாடு முழுக்கக் காட்டுற ஆட்டம்னா ஒரு ராண்டோ, சாதாரண செவ்வாய்க்கிழமைன்னா வேற ராண்டோன்னு கிண்டலே உண்டு. 2013 ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிஞ்சது. 2014 டிசம்பரில் பாஸ்டன் அவரை டல்லாஸுக்கு அனுப்பினப்ப, ஆட்டத்துக்கு பத்துக்கு மேல் அசிஸ்ட் இருந்தது. ஆனா ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காத இடத்திலிருந்து போடுறது, மூணு போட்டா ஒண்ணுதான் உள்ளே போச்சு. இதை ஏற்ற இறக்கம்னு சொல்ல முடியாது, இது டிஸ்க் போனது. தூரத்திலிருந்து போடமாட்டார்னு தெரிஞ்சதும் எதிரணி அவரை விட்டுட்டு மத்தவங்களை அடைச்சுடும். அந்த நேரம் டல்லாஸின் தாக்குதல் ஆட்டம் லீகிலேயே முதலிடத்தில் இருந்தது. அவர் வந்த பிறகு சரிஞ்சது. 2015 பிளே ஆஃபில் ரெண்டாவது ஆட்டத்தோட அவரை உட்கார வெச்சுட்டாங்க, அப்புறம் டல்லாஸுக்காக அவர் ஆடவே இல்லை. பாஸ்டனுக்குப் பதிலுக்கு வந்தவங்கள்ல ஒருத்தர் ஜே க்ரௌடர், அடுத்த சில வருஷம் அந்த அணியின் தூண். அந்த ட்ரேட் சரி.

ரெண்டு பேரையும் எப்படிப் பிரிக்கிறது? புள்ளியைப் பார்க்காதீங்க, அது ரொம்ப ஆடுற எண். ஆள் களத்தில் இருக்கிறப்ப அணி எத்தனை புள்ளி கூடப் போட்டது, எத்தனை குறையப் போட்டதுன்னு ஒரு கணக்கு உண்டு, பிளஸ் மைனஸ். ஒரு ஆட்டத்துக்கு இதுவும் கண்டபடி ஆடும், மாசக்கணக்கில் சேர்த்துப் பார்த்தா விஷயம் தெரியும். இருந்தாலும் ஒரு ஆட்டத்தைச் சொல்லாம விட முடியலை. 2019 பிளே ஆஃப், ஒர்லாண்டோவுக்கு எதிரா முதல் ஆட்டம். லௌரி ஏழு ஷாட் போட்டு ஒண்ணுகூட விழலை, ரெண்டு ஃப்ரீ த்ரோவும் வெளியே, மொத்தம் பூஜ்யம். டொராண்டோ 104-101னு சொந்த ஊரில் தோத்தது. ஊரே திட்டிச்சு. ஆனா அவர் களத்தில் இருந்த நேரத்தில் மட்டும் டொராண்டோ 11 புள்ளி முன்னிலை. எட்டு அசிஸ்ட், ஏழு ரீபவுண்ட். அடுத்த நாலு ஆட்டமும் டொராண்டோவுக்கு.

இதுல இன்னொரு கோணமும் உண்டு. பலவீனமான அணிக்கு நிலையில்லாத ஆள் நல்லது. சராசரியில் ஆறு புள்ளி பின்தங்கிய அணி தினமும் ஒரே மாதிரி ஆடினா தினமும் தோக்கும். ஆட்டம் கூடிக் குறைஞ்சாத்தான் சில நாள் ஜெயிக்கலாம். பலமான அணிக்கு இது அப்படியே தலைகீழ். 2018-ல் 59 ஆட்டம் ஜெயிச்சு கிழக்குப் பிரிவில் முதலா வந்தும், கிளீவ்லேண்டிடம் நாலுக்கு நாலும் தோத்தாங்க. அப்போ நானே நண்பர் பக்கம் கொஞ்சம் சாஞ்சேன். ஆனா அந்த ஜூலையில் உஜிரி அனுப்பினது, வருஷம் தவறாம 20 புள்ளிக்கு மேல் போட்ட டிமார் டிரோசனை. பதிலுக்கு காவை லெனர்ட். டிரோசன் கூடப் போனவர் யாக்கோப் பெல்ட்ல். அவரை எடுத்த பிக், பார்ன்யானி ட்ரேடில் நிக்ஸிடமிருந்து வந்த அதே பிக்.

2019 இறுதித் தொடர். ஜூன் 10, ஐந்தாவது ஆட்டம், ஜெயிச்சா பட்டம். 106-105னு ஒரு புள்ளி பின்னால. கடைசி ஷாட் லௌரி கையில். ட்ரேமண்ட் கிரீனின் விரல் பட்டு அது வெளியே போச்சு. நண்பர் அன்னிக்கு போனை எடுக்கலை. மூணு நாள் கழிச்சு ஆறாவது ஆட்டம், ஓக்லண்டில். ஆட்டத்தின் முதல் எட்டுப் புள்ளியும் லௌரி போட்டது. மொத்தம் 26 புள்ளி, 10 அசிஸ்ட், 7 ரீபவுண்ட். 114-110. டொராண்டோவுக்கு முதல் பட்டம்.

2021-ல் அவர் மயாமிக்குப் போனார். பதிலுக்கு வந்த ரெண்டு பேரில் ஒருத்தர் கோரன் டிராகிச், ஒரு காலத்தில் ஹூஸ்டனில் லௌரியோட இடத்தைப் பிடிச்சவர். இன்னொருத்தர் ப்ரெஷஸ் அச்சுவா. 2023 டிசம்பரில், அந்த முறிஞ்ச பேரம் நடந்து சரியா பத்து வருஷம் கழிச்சு, அச்சுவாவையும் ஓ.ஜி. அனுனோபியையும் சேர்த்து டொராண்டோ ஒரு ட்ரேட் செஞ்சது. வாங்கின அணி நிக்ஸ். பதிலுக்கு வந்தவங்கள்ல ஒருத்தர் பாயின்ட் கார்டு இம்மானுவல் க்விக்லி. அவரைப் பத்தியும் நண்பருக்கு ஒரு கருத்து உண்டு: "ஒருநாள் ஆடுறான், ஒருநாள் ஆளையே காணேல்ல மச்சான்."