உங்களுக்குத் தெரியுமா? திரையின் வெள்ளைக்கும் ஒரு வெப்பநிலை உண்டு!

கணினியில் ஓவியம் வரைபவர்கள் மானிட்டரை 6500 கெல்வினில் வைத்துக்கொள்வார்கள். திரை அவ்வளவு சூடாகிறது என்று பொருளல்ல. தன்மேல் படும் ஒளியையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் ஒரு கரும்பொருளை அந்த வெப்பநிலைக்குக் காய்ச்சினால் வீசும் ஒளியோடு நிறத்தில் நெருங்கி நிற்கும் வெள்ளை அது. மெழுகுவத்திச் சுடர் சுமார் 1900 கெல்வின். எண் ஏற ஏற மஞ்சள் குறைந்து நீலம் கூடும். நாம் குளிர்ச்சியான நிறம் என்று சொல்லும் நீலம்தான் அதிக வெப்பத்துக்கு உரியது!

பகல் வெளிச்சத்தை ஒட்டி வகுத்த இந்த 6500 கெல்வின் அளவுக்கு டி65 என்று பெயர். துல்லியமாகச் சொன்னால் இது 6504 கெல்வின். அளவை வகுத்த பிறகு, கதிர்வீச்சுக் கணக்கில் வரும் ஒரு மாறிலியின் மதிப்பைத் திருத்தினார்கள். ஒளி அப்படியே இருக்க, எண் மட்டும் 4 கூடிவிட்டது.

கண்ணை மட்டும் நம்பித் திரையின் வெள்ளையைச் சரிசெய்ய முடியாது. மஞ்சளேறிய திரையையும் சில நிமிடங்களில் கண் வெள்ளை என்றே ஏற்றுக்கொள்ளும். நிறத்தை அளக்கும் கலரிமீட்டரைத் திரையில் பொருத்தி அளப்பதே நல்ல வழி. அதற்கு முன் மானிட்டர் அரைமணி நேரம் ஓடட்டும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். அச்சுக்குப் போகும் படமென்றால், 5000 கெல்வின் விளக்கொளியில் தாளை வைத்துப் பார்ப்பது அச்சுத் துறையின் வழக்கம்.