குடும்ப வரலாறும் அரச பதிவுகளும்: நுரைச்சோலையை முன்வைத்து ஒரு குறிப்பு

பிரதானிகளின் வரலாறு எழுதப்பட்டது; மீனவர், கமக்காரர் வரலாறு எழுதப்படவில்லை. அரசு தன் தேவைக்கென எழுதிய பதிவுகளே இவர்க்குச் சான்றாக எஞ்சியுள்ளன. நுரைச்சோலைக் குடும்பமொன்றின் வரலாற்றை அவற்றின் துணைகொண்டு ஆராய்வது எவ்வாறு?

மரணப் பதிவிலிருந்து பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்கீழான பதிவில் வயது, தொழில், பெற்றோர் பெயர் ஆகியன இடம்பெறும். வயது பிறப்பாண்டையும் பெற்றோர் பெயர் முந்திய தலைமுறையையும் காட்டும். பழைய கடவுச்சீட்டு பிறந்த இடத்தையும் கடல் கடந்த நாளையும் தரும். மூதாதையொருவர் 1873இற் கலைக்கப்பட்ட இலங்கை றைபிள் படையணியைச் சேர்ந்தவராயின், அதன் சம்பளப் பட்டியல்கள் இலண்டன் கியூ ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஆயின் சம்பளம் பெற்ற ஆணின் பெயரே அவற்றில் உண்டு. அவன் மனைவியின் பெயரை எதிர்பார்த்தல் அரிது.

இடப்பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். கற்பிட்டியை ஒல்லாந்தர் 'கல்பெந்தைன்' என்றனர். நுரைச்சோலை என்னும் ஊர் அம்பாறை மாவட்டத்திலும் உண்டு.

இத்தேடல் வெறும் ஆர்வத்தின்பாற்பட்டதன்று. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிற் குடியேறினர். ஆவணங்களைக் கொண்டுவர இயலாதோர் பலர். மரணம் நிகழ்ந்த பிரிவிலேயே அது பதியப்படுமாதலின், இவர்தம் பாட்டனாரின் பதிவை மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ தேடவேண்டும். பூர்விகக் காணியோடு தமக்குள்ள உறவை நிறுவ அதுவும் ஒரு சான்றாகும்.

பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றும் தெரிந்தாலன்றிப் பதிவேட்டிற் தேடுதல் அரிது. அன்று குடும்பத் தலைவராயிருந்தோர் இன்று முதுமையெய்திவிட்டனர். அவர்தம் நினைவிலுள்ள அம்மூன்றையும் எழுதிக்கொள்ளுதலே ஆய்வாளரின் முதற்பணியாகும்.