அறையிசைக் காலம் – 9: மதராஸ் எங்கே ஒலிக்கிறது?

சென்ற வாரம் பார்த்த ஷோன்பெர்க்கின் ‘பியரோ லூனேர்’ 1912 அக்டோபரில் பெர்லினில் அரங்கேறியது. டிசம்பரில் அதைக் கேட்ட ஸ்ட்ராவின்ஸ்கி மூலம் சேதி ரவேலுக்கும் போயிற்று. ஒரு பாடகி, விரல்விட்டு எண்ணக்கூடிய வாத்தியங்கள்: அந்த ஆசை பாரிசையும் பிடித்துக்கொண்டது. 1914 ஜனவரி 14 அன்று அங்கே ஒரே கச்சேரியில் மூன்று புதிய பாடல் தொகுதிகள் பாடப்பட்டன. ரவேலின் மல்லார்மே கவிதைகள், ஸ்ட்ராவின்ஸ்கியின் ஜப்பானியப் பாடல்கள், மோரிஸ் தெலாஜின் ‘நான்கு இந்துக் கவிதைகள்’.

தெலாஜ் ரவேலின் மாணவர், நண்பர். அப்பாவுக்கு பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலை, பணத்துக்குக் குறைவில்லை. 1912இல் இந்தியாவைச் சுற்றினார். நான்கு பாடல்களுக்கும் ஊர்ப் பெயர்கள்: மதராஸ், லாகூர், பனாரஸ், ஜெய்ப்பூர். இரண்டு புல்லாங்குழல், ஓபோ, இரண்டு கிளாரினெட், ஹார்ப், நான்கு தந்தி வாத்தியங்கள். நம்மூர்ப் பெயரைப் பார்த்து ஆவலோடு ‘மதராஸ்’ கேட்பவருக்குச் சற்று ஏமாற்றம்தான். பர்த்ருஹரியின் சமஸ்கிருதக் கவிதை பிரெஞ்சில் வருகிறது. அழகான பாட்டு, ஆனால் அதில் ரவேல் வீட்டு வாசனைதான் அதிகம்.

‘லாகூர்’ வேறு. சொற்கள் ஜெர்மன் கவிஞர் ஹைனேயுடையவை என்பது வேடிக்கை. இசையோ சிதார் கலைஞர் இம்தாத் கானின் இசைத்தட்டிலிருந்து வந்தது. தொடக்கத்தில் செல்லோக்காரர் கம்பியை மீட்டிவிட்டு, இடக்கை விரலைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே போகிறார். அப்படியே சிதார் ஆலாபனை. பிறகு பாடகி சொற்களை விட்டுவிட்டு, வாயை மூடியும் திறந்தும் நாதத்தை மட்டும் நீட்டுகிறார். அன்றைய ஐரோப்பியப் பாடகிக்கு இதெல்லாம் பழக்கமே இல்லாத வேலை.

அப்படியென்றால் மதராஸ் எங்கே? தெலாஜ் தனியாக எழுதிய ‘ராகமாலிகா’வில். இது குரலுக்கும் பியானோவுக்குமான பாடல், சொற்கள் தமிழ். கோயம்புத்தூர் தாயி கிராமஃபோன் தட்டில் பாடிய அருட்பாவைத்தான் தெலாஜ் கேட்டு எழுதினார் என்று இசை ஆய்வாளர் ஜான் பாஸ்லர் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். பழனி குஞ்சரம் என்ற இயற்பெயர் கொண்ட தாயி, தேவதாசி மரபில் வந்தவர். இசைத்தட்டுகளின் ஆரம்ப காலத்திலேயே பெரும் புகழ் பெற்று, 1917இல் மறைந்தார். வள்ளலாரின் வரிகள் தாயியின் குரல் வழியாகப் பாரிஸ் பியானோவுக்குப் போன கதை இது.

அந்தப் பியானோவிலும் ஒரு விசேஷம் உண்டு. கீழ் ஸ்தாயியில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தின் கம்பிக்கு அடியில் அட்டைத் துண்டு வைக்கச் சொல்கிறார் தெலாஜ். கார்வை அடங்கி, கம்பி தோல் வாத்தியம்போல் ‘தொம்’மென்று ஒலிக்கிறது. பியானோக் கம்பிகளுக்கிடையே திருகாணி செருகி ஜான் கேஜ் பெயர் வாங்கியது 1940இல்தான். ஏறக்குறைய தெலாஜின் காலத்திலேயே எரிக் சாதி கம்பிகளில் காகிதம் வைத்ததும் உண்டு என்பதால், முதல் பட்டத்தை யாருக்கும் கட்டிவிட நான் தயாரில்லை. ஆனால் தெலாஜுக்கு அது வித்தை காட்டும் ஆசையில் வந்ததல்ல. தட்டில் கேட்டதைப் பியானோ தர மறுத்தது, அதனால் பியானோவில் கை வைத்தார்.

கமகங்களை அவருடைய ஸ்வரக்குறிப்பு பாதிதான் பிடித்தது. தாயியின் தட்டைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் அசைவுகள் படிக்கட்டாக உடைந்திருப்பது தெரியும். இருந்தாலும் எனக்கு, ‘நான்கு இந்துக் கவிதைக’ளின் மெருகைவிட இந்தத் திணறல்தான் பிடிக்கிறது.

அடுத்த வாரம், குருவின் முறை: மடகாஸ்கர் பக்கமே போகாத ரவேல், புல்லாங்குழல், செல்லோ, பியானோ மூன்றையும் வைத்து எழுதிய மடகாஸ்கர் பாடல்கள்.

(தொடரும்)