போடி தலையணைப் பஞ்சு விமானிகளின் உயிரைக் காத்தது எப்படி?

'இலவு காத்த கிளி' கதை நமக்குத் தெரியும். பழுக்கும்னு காத்திருந்த கிளிக்குக் கடைசியில் கிடைச்சது பஞ்சுதான். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், வருசநாடு பக்கம் விளையும் இந்த இலவம் பஞ்சை நாம தலையணையிலும் மெத்தையிலும் பார்க்கிறோம். ஆனா இதே இன மரத்தின் பஞ்சுதான் ஒருகாலத்தில் கடலில் விழுந்த விமானிகளை மிதக்கவெச்சது. எப்படின்னு பார்ப்போம்.

இறக்கைக்கு எந்தத் துணி?

ஆரம்பகால விமானம்னா மரச்சட்டமும் அதன்மேல் போர்த்திய துணியும்தான். 1903 டிசம்பர் 17-ல் ரைட் சகோதரர்களின் விமானம் முதல்முறை 12 விநாடி பறந்தபோது, அதன் இறக்கையில் இருந்தது மஸ்லின் பருத்தித் துணி. முதல் உலகப்போரில் லினன் துணியைப் போர்த்தி, 'டோப்' எனும் கரைசலைப் பூசினாங்க. அது காயும்போது துணி சுருங்கி, பறைத்தோல் மாதிரி விறைப்பாகும்.

இலவம் பஞ்சை ஏன் நெய்யல?

ஆண்டிபட்டி தறியில் பருத்திச் சேலை நெய்யலாம். இலவம் பஞ்சில் அது கஷ்டம். இழை குட்டை, வழுவழுப்பு, எளிதில் ஒடியும். முறுக்கினாலும் நூலாகப் பிடிக்காது. ஆனா ஒவ்வொரு இழையும் காற்று நிரம்பிய குழாய். மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. தன் எடையைப்போல சுமார் 30 மடங்கு எடையைத் தண்ணீரில் தாங்கும்.

கடலில் விழுந்தா?

1930-களில் பிரிட்டிஷ் விமானப்படையின் மிதவைச் சட்டையை விமானியே வாயால் ஊதணும். அடிபட்டு, குளிரில் விறைச்சவர் எப்படி ஊதுவார்? அதுக்காகவே உள்ளே இலவம் பஞ்சுத் திண்டுகள் வெச்சாங்க. ஊதாமலே ஓரளவு மிதக்கலாம்.

அப்போ உலகச் சந்தைக்கு முக்கிய சப்ளை ஜாவா தீவு. 1942-ல் ஜப்பான் அதைப் பிடிச்சதும் அமெரிக்காவுக்கு வரத்து நின்னுபோச்சு. மாற்று? நம்ம எருக்கின் உறவுச் செடியான 'மில்க்வீட்' பஞ்சு. அங்கே பள்ளிப் பிள்ளைகள் அதன் காய்களைப் பை பையா சேகரிச்சாங்க. ரெண்டு பை காய் சேர்த்தா ஒரு உயிரைக் காக்கலாம் என்பதுதான் அன்றைய பிரசாரம்.

இப்போ ஏன் இல்ல?

எண்ணெயோ பெட்ரோலோ ஊறினா இலவம் பஞ்சின் மிதக்கும் திறன் போயிடும். தீயும் சட்டுனு பிடிக்கும். அதனால செயற்கை ஃபோம் உள்ளே வந்தது. கடலில் ஜெயிச்ச அதே ஃபோம்தான் இன்னைக்கு மெத்தைக் கடையிலும் போடி பஞ்சுக்குப் போட்டி.