போகஸ் என்பது ஒரு மெஷினின் பெயர்... தெரியுமா?

‘ஆள் சுத்த போகஸ்’ என்று எவ்வளவு அலட்சியமாகச் சொல்லிவிடுகிறோம்! ஆனால், ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்தபோது அது ஆளைக் குறிக்கவில்லை. ஒரு மெஷினைக் குறித்தது! 1827-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கள்ள நாணயம் அச்சடிக்கும் கருவி ஒன்று சிக்கியது. அதற்குத்தான் ‘போகஸ்’ என்று பெயர். மெஷினின் பெயர் அது துப்பிய காசுக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு காசைத் தாண்டி டாக்டர், சாமியார், சர்டிபிகேட் என்று எல்லாப் போலிக்கும் பரவிவிட்டது.

போலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் கிளறினால் பாதிக்கு மேல் காசு வாடைதான் அடிக்கிறது. ‘ஃபோர்ஜரி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஃபோர்ஜ்’ என்றால் கொல்லன் பட்டறை. இரும்பைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் யோக்கியமான தொழில்! அந்த ‘உருவாக்குதல்’தான் கள்ளக் கையெழுத்தில் போய் நிற்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 17-ம் நூற்றாண்டில் அங்கே கள்ளக் காசு புழங்கியது. ஊரின் பேச்சுவழக்குப் பெயரான ‘ப்ரம்மஜெம்’, மட்டமான போலிச் சரக்குக்கே பெயராகிவிட்டது.

இந்தக் கள்ளக் காசுக்காரர்களை வேட்டையாடியவர் யார் தெரியுமா? ஆப்பிள் கதை புகழ் ஐசக் நியூட்டன்! 1696-ல் அவர் லண்டன் நாணயச் சாலையின் வார்டனாகப் பொறுப்பேற்றார். பெயருக்கு உட்கார்ந்துவிட்டுப் போகிற பதவி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ சாட்சிகளைத் தானே தோண்டித் துருவி விசாரித்தார். அவரிடம் சிக்கிய பெரும்புள்ளி வில்லியம் சலோனர். இந்த ஆசாமியின் துணிச்சலைப் பாருங்கள்: கள்ளக் காசும் அடித்துக்கொண்டு, கள்ளக் காசைத் தடுக்க என்னிடம் யோசனை இருக்கிறது, என்னை நாணயச் சாலைக்குள் விடுங்கள் என்று அரசிடமே போய் நின்றார். 1699-ல் தூக்கில் போட்டார்கள். அந்தக் காலத்தில் கள்ளக் காசு அடிப்பது ராஜத் துரோகம். ஆணுக்குத் தூக்கு. பெண்ணுக்கு? கம்பத்தில் கட்டி எரிப்பது! அந்தச் சட்டம் 1790 வரை உயிரோடு இருந்தது என்பதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது.

அடுத்து ‘ஃபோனி’. டெலிபோனில் ஏமாற்றுவதால் வந்த பெயர் என்று சிலர் அளப்பார்கள். நம்பாதீர்கள், அந்த விளக்கமே ஒரு ஃபோனி! ஐரிஷ் மொழியில் மோதிரத்துக்கு ‘ஃபாய்ன்யெ’ என்று பெயர். அது லண்டன் திருடர் பேச்சில் ‘ஃபானி’ ஆனது. தங்க முலாம் பூசிய பித்தளை மோதிரத்தைத் தெருவில் போட வேண்டியது. ஏமாளி ஒருவர் வரும் நேரம் பார்த்து, அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல் எடுக்க வேண்டியது. “இரண்டு பேர் கண்ணிலும் பட்டுவிட்டது, என் பங்குக்குக் காசைக் கொடுத்துவிட்டு மோதிரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று பெருந்தன்மையாகப் பேச வேண்டியது. எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? அந்த ‘ஃபானி’தான் ‘ஃபோனி’ ஆனது என்று அகராதிக்காரர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

தங்கம் என்றதும் ‘பிஞ்ச்பெக்’ ஞாபகம் வருகிறது. கிறிஸ்டபர் பிஞ்ச்பெக் லண்டன் ஃப்ளீட் தெருவின் கடிகாரக்காரர். செம்பையும் துத்தநாகத்தையும் கலந்து, தங்கம் போலவே மின்னும் உலோகத்தைச் செய்தார். 1732-ல் அவர் இறந்ததும் ஊரெல்லாம் ‘பிஞ்ச்பெக்’ நகை! மறுவருடமே அவருடைய மகன் எட்வர்ட், அப்பாவின் அசல் உலோகம் என்னிடம் மட்டும்தான் கிடைக்கும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டிவந்தது. போலித் தங்கத்துக்கே போலி வந்துவிட்டது, பார்த்தீர்களா!

சரி, ‘காப்பி’ மட்டும் நல்ல பிள்ளை. லத்தீன் ‘கோப்பியா’வுக்கு ஏராளம் என்று பொருள். ‘க்ளோன்’ என்பது கிரேக்கத்தில் வெறும் மரக்கிளை. கிளையை ஒடித்து நட்டால் தாய் மரம் போலவே இன்னொன்று வருமே, அதற்காக 1903-ல் எடுத்தாண்ட சொல். க்ளோன் முறையில் டாலி ஆட்டுக்குட்டி பிறந்த 1996-க்குப் பிறகுதான் அது எல்லோருக்கும் பயம் காட்டத் தொடங்கியது. இமெயிலில் ‘சிசி’ போடுகிறோமே, அது என்ன? கார்பன் காப்பி! கார்பன் பேப்பரையே பார்த்திராத பிள்ளைகளும் தினம் போடுகிறார்கள்.

நம் தெருமுனை ‘ஜெராக்ஸ்’ கதை தனி. 1938 அக்டோபர் 22. நியூயார்க்கின் அஸ்டோரியாவில் ஒரு வாடகை அறை. செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளரும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றுகிறார்கள். மேலே எழுத்துள்ள கண்ணாடியை வைத்து ஒளி பாய்ச்சுகிறார்கள். பொடி தூவி ஊதுகிறார்கள். மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தால், அன்றைய தேதியும் ‘அஸ்டோரியா’வும் அப்படியே! ஈர ரசாயனம் கிடையாது என்பதால் கிரேக்கத்தில் ‘உலர்ந்த’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். தயவுசெய்து எங்கள் பெயரை வினைச்சொல்லாக்காதீர்கள் என்று ஜெராக்ஸ் கம்பெனி விளம்பரமே கொடுத்துப் பார்த்தது. யார் கேட்டார்கள்? இன்னொரு கம்பெனி மெஷினை வைத்துக்கொண்டே ‘இங்கே ஜெராக்ஸ் எடுக்கப்படும்’ என்று போர்டு மாட்டுவோம் நாம்.

கடைசியாக ஒரு கில்லாடி வேலை. தங்கள் அகராதியைத் திருடி அச்சிடுபவர்களைப் பிடிக்க, அகராதிக்காரர்களே போலிச் சொல்லை உள்ளே நுழைத்துவிடுவதுண்டு! 2001-ல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதியில் ‘எஸ்குவிவேலியன்ஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. பொருள்: கடமையிலிருந்து வேண்டுமென்றே நழுவுதல். கேட்க எவ்வளவு கம்பீரம்! முழுக்க இட்டுக்கட்டியது. கொஞ்ச நாளில் இணைய அகராதி ஒன்றிலும் அது தலைகாட்டியது. உங்களிடம் இருக்கும் அகராதியிலும் ஒரு தரம் தேடிப் பாருங்களேன்!