ஆயிரத்தில் ஒன்று

பழுதடைந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகின்ற கதைக்கும் இலக்கியப் பக்கத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஏடு பெயர்த்தெழுதியோர் விட்ட பிழைகளைக் களைந்து, மூலபாடத்தை மீட்டுத் தந்த பதிப்பாசிரியர்களை நாம் போற்றுகிறோம். சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயரைக் கேட்டதும் நம்மில் எவருக்கும் மரியாதை உண்டாகும். ஆனால், தேய்ந்து சிதைந்த இரும்பினுள்ளே, அதை முதலில் செய்தவன் கருதிய அளவு எது என்று தேடி மீட்கின்றவனை ‘மெக்கானிக்’ என்று ஒரு சொல்லாற் குறித்துவிட்டு அப்பாற் போய்விடுகிறோம். முப்பது ஆண்டுகள் தொழில்நுட்ப மாணவருக்குப் பாடஞ் சொன்னவன் நான். அதற்கு முன் ஏழு ஆண்டுகள் கிறீஸ் படிந்த கையுடன் ஒரு பட்டறையிலே நின்றவன். ஆகவே, இதை எழுதுவதற்கு எனக்குச் சிறிது உரிமை உண்டு என எண்ணுகிறேன்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. உருளைக்குள்ளே புகுந்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கினால், அக்காற்று 500 பாகை சதமளவுக்கு மேற் கொதிப்படையும். அந்தக் கொதிப்பிலே எண்ணெயைச் சீறவிட்டால் அது தானே பற்றிக்கொள்ளும். 1892ஆம் ஆண்டில் ருடோல்ஃப் டீசல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருத்தின் வழிவந்தது இது. 1897ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரிலே சோதிக்கப்பட்ட அவருடைய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்திலே நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. நீராவி எஞ்சின்கள் அந்நாளில் அதன் பாதியையும் எட்டவில்லை. ஆயின், இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. நெருக்கப்பட்ட காற்று ஒழுகாதிருக்க வேண்டும். வளையமோ உருளையோ சற்றுத் தேய்ந்தால் நெருக்கம் குறையும். நெருக்கம் குறைந்தால் கொதிப்புக் குறையும். பின்னர் மார்கழிக் காலையிலே எஞ்சின் இருமிக்கொண்டு நிற்கும்.

நான் பட்டறையிற் சேர்ந்தது 1972ஆம் ஆண்டிலே. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த காலம் அது. புதிய வணரித்தண்டு ஒன்றுக்கு எழுதிப் போட்டுக் காத்திருப்பவன், தன் பேரன் காலத்தில் அது வந்து சேரும் என்று பகிடி பண்ணுவான். ஆகவே லொறி, பஸ், உழவு இயந்திரம், மொட்டார் வள்ளம் ஆகிய எல்லாவற்றின் எஞ்சின்களும் எங்கள் வாசலுக்கு வந்தன. (வணரித்தண்டு என்று நான் இப்போது எழுதுகிறேன். பட்டறையிலே அது ‘கிராங்’ தான். பாடநூல்கள் முசலம் என்று பெயரிட்ட பிஸ்டனைப் பட்டறையில் அப்பெயராற் கேட்டால், உலக்கை கேட்டு வந்தவன் என்று எண்ணி அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.)

பட்டறையின் மூத்த தொழிலாளியை நாங்கள் அனைவரும் ‘மாமா’ என்றே அழைத்தோம். ஐந்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர். அவரிடம் கற்ற முதற் பாடம், கண்ணை நம்பாதே என்பது.

எஞ்சினைப் பிரித்ததும் பாகங்களைச் சோடாக்காரம் கரைத்த கொதிநீரில் இட்டு அழுக்கைப் போக்குவோம். அதன்பின் வெடிப்புப் பார்க்க வேண்டும். இக்காலத்திலே தண்டைக் காந்தமேற்றி, ஒளிரும் இரும்புத்தூளைத் தூவி, ஊதாக்கடந்த ஒளியிற் பார்க்கிறார்கள். அக்காலத்தில் எங்களிடம் மண்ணெண்ணெயும் சோக்குத்தூளும் இருந்தன. தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து உலர்த்தி, சோக்குக் கரைசலைப் பூசிக் காயவிட்டு, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுவோம். வெடிப்பினுள் ஒளிந்திருந்த எண்ணெய் வெண்மையின் மேல் ஒரு மெல்லிய கரிய கோடாகக் கசியும். சில வேளை மாமா தண்டைக் கயிற்றிலே தொங்கவிட்டுத் தட்டிக் காது கொடுப்பார். நல்ல தண்டு கோயில் மணிபோல் நீள ஒலிக்கும். வெடித்த தண்டு மண்பானைபோல் ‘டொக்’ என்று அடங்கிவிடும்.

அடுத்தது அளவு. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை நாங்கள் ‘தௌ’ என்போம். மனிதனின் தலைமயிர் ஒன்று இரண்டு முதல் நான்கு தௌ தடிப்பு இருக்கும்.

“அளந்தனியோ?” என்று கேட்பார் மாமா.

“ஓம் மாமா. ரெண்டு இடத்திலை அளந்தனான்.”

“ரெண்டு காணாது. குறுக்கையும் நெடுக்கையும் நாலு இடத்திலை அள. வட்டம் எண்டு கண் சொல்லும். கண் பொய் சொல்லும்.”

உண்மைதான். வெடிப்பின் அடி எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து விழுவதால், தண்டின் பின்கள் ஒரு புறம் மிகையாகத் தேய்ந்து முட்டைவடிவங் கொள்கின்றன. அவற்றை அரைத்து மீண்டும் வட்டமாக்குவதற்கு ஒழுங்கான படிகள் உண்டு: 10 தௌ, 20 தௌ, 30 தௌ. தண்டு எவ்வளவு மெலிகிறதோ அதற்கேற்ற தடிப்புள்ள தாங்கி ஓடுகளைப் பொருத்த வேண்டும். மூன்று அங்குல விட்டமுள்ள பின்னுக்கும் ஓட்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று தௌ இடைவெளி. அந்த இடைவெளியில் நிற்கும் எண்ணெய்ப் படலமே எஞ்சினின் பாரம் முழுவதையும் தாங்குகிறது. இடைவெளி சுருங்கினால் உலோகம் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும். விரிந்தால் எண்ணெயின் அழுத்தம் வீழ்ந்து, தண்டு உள்ளிருந்து கதவைத் தட்டத் தொடங்கும்.

இனி நான் சொல்லப்போவது ஒரு மூலையைப் பற்றியது. பின்னின் உருண்ட பரப்பு, அதன் பக்கச்சுவரைச் சந்திக்கும் இடம் கூரான மூலையாக இருத்தலாகாது. சிறு வளைவாக இறங்க வேண்டும். இந்த அறிவுக்குப் பின்னாலே பெருந்துயரமொன்று கிடக்கிறது. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, வேர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய புகைவண்டியின் எஞ்சின் அச்சு முறிந்தது. வண்டிகள் ஒன்றன்மேலொன்று ஏறித் தீப்பற்றின. கதவுகள் பூட்டப்பட்டிருந்தபடியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோருள் கடலோடியான டூமொன் டூர்வீல், அவர் மனைவி, மகன் ஆகியோரும் அடங்குவர். 1820ஆம் ஆண்டில் மீலோத் தீவிலே வீனஸ் சிலையைக் கண்டு, அது பிரான்சு சென்று சேர வழிவகுத்தோருள் ஒருவர் இவர். உலகம் முழுதும் கலப்பயணஞ் செய்து மீண்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணத்தில் முடிந்தார். அடுத்த ஆண்டே, இருபத்து மூன்று வயதுகூட நிரம்பாத வில்லியம் றாங்கின் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞர், அச்சுகளின் இத்தகைய முறிவுபற்றி எழுதினார். கூரான மூலையிலே மெல்ல மெல்ல வெடிப்பு வளர்கிறது, அங்கு வளைவு அமைக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

இதையெல்லாம் நான் பின்னாளில் நூல்களிற் படித்தேன். ஆனால் மூலையின் பாடத்தை வேறு வழியில் முன்னரே கற்றிருந்தேன்.

1974ஆம் ஆண்டு. தீவுப்பகுதிக்குச் சாமான் ஏற்றும் மொட்டார் வள்ளமொன்றின் ஆறு உருளை எஞ்சின் எங்களிடம் வந்தது. மாமா ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். தண்டை அரைக்கும் வேலை என் கைக்கு வந்தது. ஐந்து பின்கள் ஒழுங்காக முடிந்தன. ஆறாவதற்கு முன் அரைகல்லின் முகம் மழுங்கியிருந்தது. வைரமுனையால் முகத்தைச் சீவினேன். அதன் விளிம்பை மீண்டும் வளைத்துச் சீவவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. வள்ளக்காரர் வாசலில் நின்றார். வளைவைச் சரிபார்க்கும் தகட்டு அளவி மேசை இழுப்பறையிலே, என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. மறதியால் எடுக்காதிருந்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறதியன்று. எடுத்துப் பார்த்தால் மறுபடி அரைக்க நேரும் என்று தெரிந்தே எடுக்கவில்லை. பின்னரைப் பளபளவென்று மினுக்கிக் கொடுத்தேன்.

நாலாம் மாதம் தண்டு முறிந்தது. வள்ளம் நடுக்கடலில், தென்மேற்குக் காற்று வீசும் காலம். வள்ளத்தில் மூவர் இருந்தனர். ஒருவன் வள்ளக்காரரின் மகன், பதினாறு வயதுப் பையன். இரவு முழுதும் அலைந்து, குடிதண்ணீரும் முடிந்து, விடியற்காலையில் மீன்பிடிக்கச் சென்றோரின் கண்ணிற்பட்டு, இழுத்துவரப்பட்டார்கள். உயிருக்குத் தீங்கில்லை. பையன் இரண்டு நாட்கள் பேசவில்லை என்று சொன்னார்கள்.

முறிந்த துண்டுகளை மாமா மேசைமீது வைத்தார். முறிந்த முகத்திலே, கடற்கரை மணலில் அலை பின்வாங்கும்போது விட்டுச்செல்லும் வரிகளைப்போல, வளைவான கோடுகள் ஒன்றனுள் ஒன்றாய்க் கிடந்தன. அவை எல்லாம் ஒரு மூலையிலிருந்து விரிந்தன.

“இஞ்சை பார். இதிலை துவங்கி, நாலு மாதமாய்க் கொஞ்சங் கொஞ்சமாய் வெடிச்சு வந்திருக்கு. ஆர் இந்தப் பின்னை அரைச்சது?”

“நான்தான் மாமா.”

“கேஜ் வைச்சுப் பாத்தனியோ?”

“இல்லை.”

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வள்ளக்காரர் வந்தபோது, பிழை எங்களுடையது என்று மாமா அவர் முகத்துக்கு நேரே சொன்னார். கழித்துப்போட்ட லொறி ஒன்றிலிருந்து வேறு தண்டு தேடியெடுத்து, கூலியின்றி முழு எஞ்சினையும் மறுபடி செய்துகொடுத்தார். அச்செலவில் ஒரு பகுதியை ஆறு மாதங்கள் என் சம்பளத்தில் கழித்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வள்ளக்காரர் ஏசுவார் என எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, “தம்பி, இனி நம்பி ஓட்டலாமோ?” என்று மட்டும் கேட்டார். மாமாதான் மறுமொழி சொன்னார்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். உருளையின் உட்சுவர் மேற்பகுதியிலேதான் மிகுதியாகத் தேயும். முசலம் ஒரு கணம் நின்று திரும்பும் அவ்விடத்தில், வெப்பமும் அழுத்தமும் உச்சமாயிருக்க, எண்ணெய்ப் படலம் அறுந்துபோவதே காரணம். புதிய உறையைப் பொருத்தினால், அதன் விளிம்பு உடலின் மட்டத்துக்குச் சில தௌ மேலே நிற்க வேண்டும். இன்றேல் மேல்மூடியின் அடைப்பு இறுகாது. நீர் சூழ்ந்து நிற்கும் உறைகளின் வெளிப்புறத்திலே அம்மைத் தழும்புபோற் குழிகள் காணப்படுவதுண்டு. உறை அதிரும்போது நீரில் தோன்றி உடையும் குமிழிகளின் வேலை அது. நீர் கல்லைக் கரைப்பதைக் கவிஞர் பாடுவர். இரும்பைக் குமிழி தின்பதை நான் கண்டிருக்கிறேன்.

புதியவர்கள் வியக்கும் செய்தி ஒன்றுண்டு. உருளையின் சுவரைக் கண்ணாடிபோல் ஆக்கக்கூடாது. குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் விழும்படி அதைத் தீட்ட வேண்டும். கீறல்களிலே எண்ணெய் தங்கும்; வளையங்கள் சுவரோடு பொருந்திப் பழகும். தீட்டியபின் மண்ணெண்ணெயாற் கழுவினால் அரைத்தூள் கீறல்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். சவர்க்காரமும் சுடுநீரும் வேண்டும். துடைத்த வெள்ளைத்துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். மாமா தம்முடைய வேட்டித்துண்டாலேயே துடைத்துப் பார்ப்பார். பூட்டி முடித்த எஞ்சினைப் பச்சைக் குழந்தைபோல் மெல்ல ஓடவிட வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். டீசல் எஞ்சினுக்கு அது கெடுதி. பாரமின்றி நெடுநேரம் ஓடினால் வளையங்கள் சுவரில் அழுந்தாமல், சுவர் மினுங்கிப்போய், எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிடும். அளவான பாரத்தைத் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். பிள்ளை வளர்ப்பிலும் இது பொருந்துமா என்பதை ஆசிரிய நண்பர்களின் விவாதத்துக்கு விடுகிறேன்.

எஞ்சினை மீட்டெடுத்தல் என்றதும் நம் நாட்டார் எவரும் நினைக்க வேண்டியது, 591ஆம் இலக்க றெயில் எஞ்சினை. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களிலே கனடா அளித்த டீசல் எஞ்சின்களுக்கு அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 591இன் பெயர் ‘மனிற்றோபா’. அதன் இதயமாகிய பன்னிரண்டு உருளை எஞ்சினில் ஒவ்வோர் உருளையும் எட்டரை அங்குல விட்டமும் பத்து அங்குல ஓட்டமும் உடையது. உருளை, மூடி, முசலம், இணைகோல் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகக் கழற்றி மாற்றக்கூடியதாய், மீளச் செய்வதற்கென்றே வகுக்கப்பட்ட அமைப்பு அது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, மாத்தறை நோக்கிச் சென்ற புகைவண்டியை அந்த எஞ்சின் இழுத்துச்செல்கையில், பெரலியவிலே ஆழிப்பேரலை அடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். புரட்டியெறியப்பட்ட அந்த எஞ்சினை விலைக்குப் போடாமல் மீட்டு, மறுபடியும் ஓடச்செய்தார்கள். அதன் இருபுறத்திலும் ஓர் அலையை வரைந்திருக்கிறார்கள். உப்புநீர் புகுந்த எஞ்சினைப் பிரித்த அனுபவம் எனக்கு உண்டு. சேறும் உப்பும் எண்ணெயும் கலந்த அந்தக் களியை ஒவ்வொரு துளையாக வழித்தெடுத்தவர்களின் கைகளை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

1990களில் வடக்கிலே எரிபொருளுக்கும் பொருட்களுக்கும் தடை, மின்சாரமும் இல்லை. நீரிறைக்கும் எஞ்சினுக்கு வார் பூட்டிக் கடைசல் இயந்திரத்தை ஓட்டியவர்கள் இருந்தார்கள். 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது, நாடு முழுவதும் மறுபடி பழைய எஞ்சின்களைப் பிரித்தது.

சென்ற மாதம் நகரிலுள்ள ஒரு பட்டறைக்குப் போனேன். அரைக்கும் இயந்திரத்தில் அளவு எண்களாகச் சிறு திரையிலே தெரிகிறது. என் மாணவனின் மாணவன் ஒருவன் அதில் நின்றான். நான் வந்ததை அவன் கவனிக்கவில்லை. தண்டைக் கழற்றுமுன் இழுப்பறையைத் திறந்து தகட்டு அளவியை எடுத்தான். ஒவ்வொரு பின்னின் இரு மூலையிலும் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்து, வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தான். ஆறு பின்கள், பன்னிரண்டு மூலைகள். ஒன்பதாவது மூலையில் சற்றுத் தயங்கினான். தலையைச் சொறிந்தான். பின்பு தண்டை மறுபடி ஏற்றிப் பூட்டி, கல்லின் விளிம்பைச் சீவத் தொடங்கினான். வெளியே லொறிக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.