கடற்கரைக் குப்பை: பொறுக்குவதோடு எண்ணவும் வேண்டும்

சுத்தம் செய்த கடற்கரை எத்தனை நாள் சுத்தமாக இருக்கும்? சென்னையில், மழைக்காலம் என்றால், ஒரு நாள்கூடத் தாங்காது. வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் கூவமும் அடையாறும் மாதக்கணக்கில் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் முகத்துவாரம் வழியே கடலில் தள்ளிவிடும். அலையும் கரையோர நீரோட்டமும் அதில் ஒரு பங்கை மறுபடி மணலிலேயே ஒதுக்கும். குப்பையே இல்லாத கரையை எதிர்பார்த்துப் போகும் தன்னார்வலர்கள் சீக்கிரம் சலித்துப்போவது இதனால்தான். ஆனால் போவதற்கு வேறொரு நல்ல காரணம் இருக்கிறது.

1986-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்ற இருவர் ஒரு துப்புரவுப் பணிக்கு ஏற்பாடு செய்தார்கள். சுமார் 2,800 பேர் வந்தார்கள். வந்தவர்கள் பொறுக்கியதோடு நிற்கவில்லை. என்னென்ன பொருள், எத்தனை என்று அட்டையில் குறித்தார்கள். பொருள் தெரிந்தால் அது வந்த வழியும் தெரியும் அல்லவா? இன்று செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமையை ஒட்டி உலகெங்கும் நடக்கும் கடற்கரைத் துப்புரவு நாளுக்கு மூலம் அதுதான்.

நம் கரையிலும் அப்படிப் படிக்கலாம். ஷாம்பு சாஷே பெரும்பாலும் வீட்டிலிருந்து கால்வாய் வழியாக வந்தது. சிகரெட் துண்டும் டீ கப்பும் நேற்று மாலை காற்று வாங்க வந்தவர்கள் விட்டுப்போனவை. நைலான் வலைத்துண்டும் மிதவையும் மீன்பிடித் தொழிலைச் சேர்ந்தவை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பை, கப் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அவை இன்னும் எத்தனை கிடைக்கின்றன என்று மாதாமாதம் எழுதி வைத்தால், மாநகராட்சியிடம் பேசக் கையில் ஆதாரம் இருக்கும். “இத்தனை டன் அள்ளினோம்” என்பது செய்திக்குத்தான் அழகு. ஈரமணல் அப்பிய ஒரு பழைய டயர் எடைக் கணக்கையே புரட்டிவிடும். எண்ணிக்கையும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும்தான் உபயோகம்.

அலை கடைசியாக ஏறி நின்ற கோட்டிலிருந்து தொடங்குங்கள். சின்னத் துண்டுகள் அங்கேதான் சேரும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபின் கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணைகள் பருப்பளவே இருந்தன. அவற்றைக் கையால் பொறுக்கி மாளாது, மணலைச் சலிக்க வேண்டும்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. அடப்பங்கொடியைப் பிடுங்காதீர்கள், மணல்மேட்டைக் காற்று அரிக்காமல் கட்டிப்பிடித்திருப்பது அது. கடற்பாசி குப்பையல்ல. ஊசி, சிரிஞ்சு கண்ணில் பட்டால் கை வைக்காமல் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். கரையில் கிடக்கிற வலையெல்லாம் கைவிட்ட வலையும் அல்ல. பழுது பார்க்கப் போட்டிருப்பார்கள், “அண்ணே, இது உங்களுதா?” என்று குப்பத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுவது மரியாதை. (கேட்டால், எந்த மாதம் எந்தப் பக்கக் குப்பை ஒதுங்கும் என்பதும் தெரியவரும்.) ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். அப்போது மண்வெட்டி, வாரி, டிராக்டர் எதுவும் வேண்டாம். முட்டைகள் மணலுக்கடியில் ஓரிரு அடி ஆழத்திலேயே இருக்கும்.

அள்ளியது எங்கே போகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மணலும் உப்பும் ஏறிய பிளாஸ்டிக்கைக் காயலான் கடைக்காரர் அநேகமாக வாங்கமாட்டார். அதனால் மூட்டை கட்டுமுன் மணலை உதறுங்கள், கண்ணாடியையும் வலையையும் தனியே வையுங்கள், வண்டி எப்போது வரும் என்று முந்தின நாளே பேசி வையுங்கள். கலந்து கட்டியது குப்பைமேட்டுக்குத்தான் போகும். தென்சென்னைக் குப்பை பல்லாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பிலேயே இருக்கிறது. அந்தச் சதுப்பின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடலில் கலக்கிறது.